சரி சரி என்று தலையாட்டியவர்

போன மாதம் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே பாடம் நடத்துகிறவள் ஒரு காலத்தில் என் வார்டில் ஜூனியராக இருந்த பெண். பக்கவாதம் வந்து தேறி வீட்டுக்குப் போகிற நோயாளிக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது என்று மாணவிகள் என் முன்னால் நடித்துக் காட்டினார்கள். செல்போனில் உப்புக்கு ஒரு படம், பீடிக்கு ஒரு படம், மாத்திரைக்கு ஒரு படம். நோயாளியாக நடித்த பெண் எல்லாவற்றுக்கும் அழகாகத் தலையாட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டாமல் உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. "ஏன் மேடம், எதுவும் தப்பா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. தப்பில்லை, அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் ரெங்காராம் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது என்றேன். யார் அவர் என்று கேட்டார்கள். அன்றைக்கு நேரமில்லாமல் பாதியில் விட்டதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

எனக்கு டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். எங்கள் தெருவில் பத்தாவது தாண்டிய முதல் பெண் நான். பிறகு மூன்றரை வருஷம் நர்சிங் படிப்பு. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிறைய மனப்பாடம் செய்தேன், நிறையப் படுக்கை விரித்தேன். தொண்ணூறுகளின் நடுவில் மதுரையில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஆறு மாதத்தில் நரம்பு வார்டுக்கு மாற்றினார்கள். வேலையை விடும்வரை அங்கேயேதான் இருந்தேன்.

அந்த வார்டின் தலைமை நர்ஸ் ரோஸ்மேரி சிஸ்டர். ஒல்லியான ஆள். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவர் பேசுவதைக் கேட்க டாக்டர்களே குனிய வேண்டும். நோயாளியிடம் நின்றுகொண்டு பேசவே மாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, கை கால் வராத பக்கமாகப் போய் உட்கார்ந்துவிடுவார். அந்தப் பக்கம் ஒரு உலகம் இருப்பதையே நோயாளி மறந்துபோவதுண்டு. அங்கிருந்து பேசினால்தான் தலை அந்தப் பக்கம் திரும்பும்.

முதல் நாள் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஊசி போட அல்ல, தண்ணீர் கொடுக்க. நோயாளியை நேராக நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்ல வேண்டும். அரை ஸ்பூன் தண்ணீர். இரண்டு விரலைத் தொண்டையில் மெதுவாக வைத்திருந்தால், விழுங்கும்போது அந்த மேடு ஏறி இறங்குவது தெரியும். பிறகு பேர் என்ன என்று கேட்க வேண்டும். குரல் தெளிவாக வந்தால் அடுத்த அரை ஸ்பூன். கொப்பளிக்கிற மாதிரி களகளவென்று வந்தால் அன்றைக்கு வாய்வழி எதுவும் கிடையாது. சாப்பாடு முடிந்ததும் வராத பக்கத்துக் கன்னத்துக்குள் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு உருண்டை இட்லி அங்கேயே ஒளிந்திருக்கும். சொந்தக்காரர்கள் பாசத்தில், படுத்திருக்கிற ஆளுக்குக் கஞ்சியை ஊற்றி, அது நுரையீரலுக்குள் போய் எத்தனையோ பேரை இழந்திருக்கிறோம். அதனால் ஒரு ஆளுக்குத் தண்ணீர் கொடுக்கவே இருபது நிமிஷம் எடுத்துக்கொள்வார்.

அவரிடம் இன்னொரு கண்டிப்பும் உண்டு. நோயாளியிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்கக் கூடாது.

"நம்ம ஊருல அப்படிக் கேட்டா யாராச்சும் புரியலைன்னு சொல்லுவாங்களா முத்துமாரி? நம்ம மனசு நோகக் கூடாதுன்னே தலையாட்டிருவாங்க. நீ சொன்னத அவங்க வாயால திரும்ப வாங்கு."

சரி சிஸ்டர் என்பேன். நாற்பது படுக்கை இருக்கிற வார்டில் அதற்கெல்லாம் எங்கே நேரம் என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வேன்.

தொண்ணூறுகள் முடியப் போகிற சமயத்தில், ஒரு நாள் காலையில் ரெங்காராம் அண்ணனை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார்கள். காளவாசலில் பலகாரக் கடை வைத்திருந்தவர். காரச்சேவு, பக்கோடா, மிக்சர். வயது ஐம்பத்து நாலு. எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தபோது ஜல்லிக்கரண்டி கையிலிருந்து நழுவியிருக்கிறது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். சட்டிப் பக்கம் சாயாதது அவருடைய நல்ல நேரம். வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சும் இல்லை.

கூட இருந்தது அவருடைய மனைவி ராதாபாய் அக்கா. சின்ன உருவம், பெரிய மூக்குத்தி. பிள்ளைகள் இல்லாத வீடு. முதல் இரண்டு நாளும் அவருடைய கால்மாட்டில் உட்கார்ந்து அந்த வராத காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் காலை அண்ணன் பேசினார். ஆனால் எங்களுக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. வார்டு ஆயா என் காதில், "பாவம், மூளை கொழம்பிருச்சு போலம்மா" என்றார். மாத்திரை வாங்கப் போயிருந்த ராதாபாய் அக்கா திரும்பி வந்து அதைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே சிரித்தார்.

"கொழம்பல சிஸ்டர்! எங்க பாஷைல பேசுறாக. கடையத் தொறந்தியான்னு கேக்குறாக!"

அவர்கள் சௌராஷ்டிரர்கள். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, கடையில் தமிழ். முப்பது வருஷம் காளவாசலில் தமிழிலேயே வியாபாரம் செய்த மனுஷனுக்கு அந்தத் தமிழ் போய்விட்டது. தாய் பேசிய பாஷை மட்டும் மிஞ்சியிருந்தது. இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். போன பாஷை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

பத்து நாளில் எழுந்து உட்கார்ந்தார். ஒரு ஆள் தாங்கலில் நடந்தார். தமிழில் ஒரு சொல்லும் வந்தது: "சரி." ஊசி போட்டால் சரி, படுக்கை மாற்றினால் சரி. சிரித்த முகத்தோடு தலையை ஆட்டி "சரி, சரி" என்பார். கடையில் வருகிற போகிறவர்களுக்கெல்லாம் ஆட்டிப் பழகிய தலை. வார்டில் எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. தமிழ் திரும்பிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம்.

வீட்டுக்குப் போகிற அன்றைக்குச் சொல்லி அனுப்பும் வேலை என்னுடையது. ராதாபாய் அக்கா ஆட்டோ பிடிக்கக் கீழே போயிருந்தார். எனக்கு அடுத்த படுக்கைக்குப் புது நோயாளி வந்துகொண்டிருந்தார். நின்ற வாக்கிலேயே சொன்னேன். பிரஷர் மாத்திரையை ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது, உப்பைக் குறைக்கணும், ஊறுகாய் அப்பளம் வேண்டாம், மூக்குப்பொடியை விடணும், தினமும் நடக்கணும், மாதம் ஒரு தடவை காட்டணும். ஒவ்வொன்றுக்கும், "சரி, சரி." கடைசியில் கேட்டேன்: "புரிஞ்சுதாண்ணே?" இரண்டு கையையும் கூப்ப நினைத்து, வந்த ஒரு கையை மட்டும் நெஞ்சில் வைத்து, "சரி" என்றார். கேஸ் ஷீட்டில், 'அறிவுரை சொல்லப்பட்டது, நோயாளி புரிந்துகொண்டார்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏழு வாரத்தில் திரும்ப வந்தார். இந்தத் தடவை ஸ்ட்ரெச்சரில். கை கால் முன்னைவிட மோசம், வாய் கோணியிருந்தது, விழுங்கவே முடியவில்லை. ரோஸ்மேரி சிஸ்டர் அரை ஸ்பூன் கொடுத்து, தொண்டையில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். மூக்கு வழியே குழாய் போட்டோம்.

நான் ராதாபாய் அக்காவிடம் கேட்டேன், "மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களாக்கா?"

"குடுத்தேனே! ஒரு மாசத்துக்குக் குடுத்தீக, அம்புட்டும் குடுத்து முடிச்சுட்டேன். அட்டை தீந்துச்சு, சீக்கு தீந்துச்சுன்னு நெனச்சேன்."

"உப்பு?"

"உப்புக்கு என்ன?"

வீட்டுக்குப் போனதும் அண்ணன் கடைக்குப் போய் உட்கார ஆரம்பித்திருக்கிறார். ஒவ்வொரு ஈடு பலகாரம் சட்டியிலிருந்து இறங்கும்போதும் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு ருசி பார்ப்பது அவருடைய நாள்பட்ட வழக்கம். ஒரு நாளைக்குப் பத்து ஈடு. மதியம் தயிர் சோற்றுக்கு நார்த்தங்காய் ஊறுகாய். மணிக்கு ஒரு தடவை மூக்குப்பொடி.

"எல்லாம் போகையில சொன்னேனேக்கா. அண்ணன்கிட்ட ஒண்ணொண்ணாச் சொன்னேன்."

அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது. ஆச்சரியமாகப் பார்த்தார். "அவுகட்டயா சொன்னீக? தமிழ்லயா?"

ரோஸ்மேரி சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. பழைய கேஸ் ஷீட்டை எடுத்துவரச் சொல்லி, கடைசி வரியை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"யாரு புரிஞ்சுக்கிட்டாங்க முத்துமாரி?"

அவர் ஷீட்டை மூடினார். "போய் மூஞ்சியக் கழுவிட்டு வா. அவரு உன் பேஷண்ட். நீயே பாரு" என்றார். பாத்ரூமுக்குள் போய் வெகுநேரம் அழுதேன். வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டியிருந்தது. வராத கைக்கு அடியில் தலையணை வைக்க வேண்டியிருந்தது. வேலைதான் என்னை இழுத்துப் பிடித்தது. ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் ராதாபாய் அக்காவிடம் ஒரு சொல் கேட்டு வாங்கிக்கொண்டேன். உப்புக்கு உங்கள் பாஷையில் என்ன? மெதுவாக என்பதற்கு? விழுங்குங்க என்பதற்கு? சட்டைப்பை அளவு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். ஒரு நாள் 'திரும்பிப் படுங்க' என்று நினைத்து நான் எதையோ சொல்ல, அந்த அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். கட்டிலில் கிடந்தவரின் நல்ல பக்கத்து உதடு மேலே ஏறியது. இரண்டாம் தடவை வந்தபின் அவர் சிரித்தது அதுதான் முதல். நான் என்ன சொன்னேன் என்று கடைசிவரை இரண்டு பேருமே சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் குழாயை எடுத்தோம். குழைத்த இட்லி, கெட்டிக் கூழ் என்று ஆரம்பித்தோம். எல்லாம் உப்புக் குறைத்தது. நாலு நாள் விழுங்கினார். ஐந்தாம் நாள் வாயை மூடிக்கொண்டார். ஆறாம் நாள் இடது கையால் தட்டைத் தள்ளிவிட்டார். தரையெல்லாம் குழைத்த இட்லி. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"இன்னொரு தடவை வந்தா தூக்கிட்டுத்தான் போகணும், தெரியுமா?" என்று கத்தினேன், தமிழில். சொல் புரியாவிட்டாலும் தொனி புரியாதா? சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

எனக்கு உப்பைப் பற்றித் தெரியும். எங்கள் வீட்டில் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள உப்புக்கல்தான். அப்பா இரண்டு கல்லை நாக்கில் வைத்துக்கொண்டு ஒரு சட்டிக் கஞ்சியைக் குடித்து முடிப்பார். அதை எடுத்துவிட்டால் சாப்பாடே இல்லை அவருக்கு. அது தெரிந்திருந்தும்தான் நான் கத்தினேன். இட்லியைக் கூட்டி அள்ளிக்கொண்டே ராதாபாய் அக்காவிடம், "உப்பு இல்லாம இறங்கலையாக்கா?" என்று கேட்டேன்.

"உப்பில்ல சிஸ்டர். நேத்து எங்கிட்டச் சொன்னாக. ருசி பாக்கக் கூடாதுன்னா கடைக்குப் போகக் கூடாதுன்னுதான அர்த்தம், கடைக்குப் போகாம வீட்டுல கெடந்து என்ன செய்யன்னு. அதான் சாப்புடாம இருக்காக."

நாங்கள் அக்கா வழியாக வேண்டாம், கூடாது என்று அடுக்கிக்கொண்டு போனதெல்லாம் சேர்ந்து, இனி உனக்குக் கடை இல்லை என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. ரோஸ்மேரி சிஸ்டரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "கடைக்குப் போக அவருக்கு என்னென்ன வேணும்?"

அன்றைக்கு மூன்று பேரும் அவரைச் சுற்றி உட்கார்ந்தோம். சிஸ்டர் தமிழில் கேட்க, ராதாபாய் அக்கா அவர்கள் பாஷையில் சொல்ல, அவர் பதில் சொல்ல, திரும்பத் தமிழில் வர, முழுசாக ஒரு மணி நேரம் ஆயிற்று. வார்டு ஜன்னல்வரை தாங்கலில்லாமல் நடந்துவிட்டால் வீட்டு வாசலிலிருந்து ஆட்டோவுக்கு நடக்கலாம். இடது கையால் பொட்டலம் மடிக்கப் பழகினால் கடையில் சும்மா உட்கார வேண்டியதில்லை. இப்படி ஒவ்வொன்றாகப் பேசி, கடைசியில் ருசி பார்ப்பதில் வந்து நின்றது. ஒரு நாளைக்கு ஒரே ஈடு, அதிலும் ஒரே ஒரு சேவு என்றார் சிஸ்டர். அண்ணன் முகம் இருண்டது. மற்ற ஈடெல்லாம் யார் பார்ப்பது?

ராதாபாய் அக்கா அவரைப் பார்த்துப் படபடவென்று ஏதோ சொன்னார். அவர் கண்ணை அகல விரித்தார். பிறகு அக்கா எங்களுக்குச் சொன்னார்:

"நான் பாக்குறேன்னுட்டேன் சிஸ்டர். பொடி போட்டுப் போட்டு இவுகளுக்கு ருசியே மட்டுப்பட்டுப் போச்சு. பத்து வருசமா மத்தியான ஈடெல்லாம் உப்புக் கரிக்குது. சொன்னா மனசு கஷ்டப்படுவாகன்னு சொல்லல."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, "சரி" என்றார். இந்தத் தடவை நான் அதை நம்பவில்லை. என் நோட்டைத் திறந்து, தப்பும் தவறுமாக அவர் பாஷையில் கேட்டேன்: எத்தனை சேவு? இடது கையில் ஒரு விரலை நீட்டினார். மாத்திரை எத்தனை நாளைக்கு? விரல்களை மடக்கி, கையை மேலே வானத்தைப் பார்த்துக் காட்டினார். சாகும்வரை. ராதாபாய் அக்கா சட்டென்று அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

வீட்டுக்குப் போனபின் மூக்குப்பொடிதான் பெரிய பாடு. காலையில் கண் விழித்ததும் கை தானாக இடுப்பு மடிப்புக்குப் போய் டப்பாவைத் தேடும். டப்பா இல்லாவிட்டால் அன்றைக்கு முழுவதும் எரிச்சல். சொல்லிச் சொல்லிச் சலித்தபின் அந்த அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தார். டப்பாவை நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்து, அன்றன்றைக்கான மாத்திரையை அதில் போட்டு மடிப்பில் செருகிவிட்டார். கை போய்த் தேடினால் மாத்திரை வரும். முதல் நாள் அவர் மாத்திரையை மோந்து பார்த்தாராம். எங்கள் படிப்பில் இல்லாத வைத்தியம் அது. பிறகு எத்தனையோ பேருக்கு நான் அதைச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு விடுமுறை நாளில் காளவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி அந்தக் கடைக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஊன்றுகோல். முட்டியில் காகிதத்தை வைத்து இடது கையால் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். ஒன்று மடிக்க மூன்று நிமிஷம் ஆயிற்று. வாங்க நின்றவர்களும் அவசரப்படுத்தவில்லை. "மெதுவா மடிங்கண்ணே, நான் எங்க போறேன்" என்றார் ஒருவர். உள்ளே ராதாபாய் அக்கா ஒரு சேவை முன்பல்லால் கடித்து, கண்ணை மூடி யோசித்துவிட்டு, "இறக்கலாம்" என்றார். வீட்டில் குழம்புக்குப் பாதி உப்புதான், புளியும் மிளகும் தூக்கலாகப் போட்டுச் சமாளிக்கிறேன் என்று சொன்னார். பிரஷர் பார்த்தேன்; நான் பயந்த அளவுக்கு இல்லை. அதற்குப் பிறகு மாத்திரை தவறிப்போன மாதமும் உண்டு. ஒரு கல்யாண வீட்டில் அப்பளத்தைக் கட்டுக் கட்டாகத் தின்றுவிட்டு இரண்டு நாள் எங்களிடம் வந்து படுத்ததும் உண்டு. ஆனால் மூன்றாவது வாதம் வரவில்லை.

தமிழ் அவருக்கு முழுசாகத் திரும்பவில்லை. கடைக்கு வேண்டிய இருபது முப்பது சொற்கள் வந்தன. என்னை மட்டும் 'முத்து' என்று கூப்பிடுவார்.

நாலைந்து வருஷம் போயிருக்கும். ரோஸ்மேரி சிஸ்டர் ஓய்வு பெற்று, நான் அந்த இடத்துக்கு வந்திருந்தேன். அறுபது வயது சௌராஷ்டிர அம்மா ஒருவர் அதே நோயோடு வந்தார். அவருக்கும் தமிழ் போயிருந்தது. மகன் வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். அந்த அம்மா யாரையும் கிட்டே விடவில்லை. மாத்திரை வேண்டாம், கூழ் வேண்டாம். ஸ்பூனைக் கண்டாலே பல்லைக் கடித்துக்கொண்டார். என் நோட்டில் இருந்த சொற்களை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். முறைத்தார். வேறு வழி தெரியாமல் பலகாரக் கடைக்கு போன் போட்டேன்.

"இந்தா வாரோம் சிஸ்டர்" என்றார் ராதாபாய் அக்கா.

அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ரெங்காராம் அண்ணன் ஊன்றுகோலைத் தட்டித் தட்டி வார்டு நீளமும் நடந்து அந்த அம்மாவின் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வராத தன் வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக் காட்டினார். பேச ஆரம்பித்தார். தமிழில் ஒவ்வொரு சொல்லுக்கும் திணறுகிற மனுஷன், அங்கே தண்ணீர் ஓடுகிற மாதிரி பேசினார். அந்த அம்மா முதலில் கேட்டார். பிறகு ஏதோ கேள்வி கேட்டார். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"என்னக்கா சொல்றாரு?" என்று நான் ரகசியமாகக் கேட்டேன்.

ராதாபாய் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இந்தப் புள்ள நம்ம பாஷைய ரொம்பக் கேவலமாப் பேசும், அதக் கண்டுக்கிறாத, நல்ல புள்ள, நம்பிச் சாப்புடுன்னு சொல்றாக."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அரை ஸ்பூன் கூழை எடுத்து நீட்டினேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.